மொழியியலும் ரஷ்ய மொழியும் ஒன்றாகப் படிக்கலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். நீங்கள் தலவாக்கலைப் பக்கம். உயர்தரத்தில் தமிழ், புவியியல், அரசறிவியல் எடுத்து நல்ல பெறுபேறு வந்திருக்கிறது, களனிக்குக் கிடைக்கும்போலத் தெரிகிறது. அங்கே மொழியியலையும் ரஷ்ய மொழியையும் சேர்த்து எடுக்க ஆசை, ஆனால் ரஷ்ய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது, வீட்டிலோ "ரஷ்யன் படிச்சு என்ன செய்யப் போற" என்று கேட்கிறார்கள். நீங்கள் எழுதியது இரண்டையும் எடுக்கலாமா என்று. உண்மையில் கேட்பது, ஒன்று மற்றதைத் தூக்கிவிடுமா, இல்லை இரண்டும் சேர்ந்து ஆளை அமுக்கிவிடுமா என்று. எடுக்கலாம். முதல் வருடம் ரஷ்யம் அமுக்கத்தான் செய்யும், இரண்டாம் வருடத்திலிருந்து இரண்டும் கைகொடுக்கத் தொடங்கும், சிறப்புப் பட்டம் என்று வரும்போது மொழியியலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் பதுளைப் பக்கம். இந்த இரண்டையும் கம்பஸில் ஒன்றாகப் படித்தவன், பிறகு பல வருடமாக ரஷ்ய மொழியைத் தொடக்க நிலையில் கற்பிக்கிறேன், இடையிடையே மொழிபெயர்ப்பும் உல்லாசப் பயணிகளோடு உரைபெயர்ப்பும். ஆகவே படிப்பையும் கற்பித்தலையும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். வேலை பற்றிச் சொல்வது என்னோடு படித்தவர்களையும் என்னிடம் படித்தவர்களையும் பார்த்து வந்த எண்ணம், அதை அந்த அளவுக்கே எடுங்கள்.

முதலில் நடைமுறை. நம் நாட்டுக் கலைப்பீடங்களில் பொதுவாக முதல் வருடம் மூன்று பாடம், அதன் பிறகு பெறுபேற்றைப் பார்த்து ஒரு பாடத்தில் சிறப்புப் பட்டம், அது நான்கு வருடம். வெளிநாட்டில் சில இடங்களில் இருப்பதுபோல இரண்டு பாடத்துக்கும் சம பங்கு போட்டு ஒரே பட்டமாக எடுக்கும் வழக்கம் இங்கே குறைவு. களனியில் மொழியியலுக்குத் தனித் துறை உண்டு, ரஷ்யம் நவீன மொழிகள் துறைக்குள் வரும். மொழியியலை மட்டும் குறிவைத்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மொழியியலும் ஆங்கிலமும் சேர்ந்த துறை இருக்கிறது. உயர்தரத்தில் ரஷ்யமும் ஒரு பாடம்தான், ஆனால் நம்ம பக்கத்துப் பாடசாலைகளில் அதை எடுத்த பிள்ளையை நான் கண்டதில்லை. அதனால் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களை எந்த நிபந்தனையில் சேர்க்கிறார்கள் என்பதை இந்த வருடத்து மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலிலும் துறையின் தளத்திலும் நீங்களே பார்த்துவிடுங்கள், போன வருடம் போனவர் சொன்னதை நம்பி இருக்க வேண்டாம். இன்னொன்று, களனியில் மொழியியல் வகுப்பு தமிழில் நடக்காது. ஆங்கிலத்தில் வாசித்து ஆங்கிலத்தில் பரீட்சை எழுத வேண்டும். தோட்டப் பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படித்து வரும் பிள்ளைகளுக்கு ரஷ்யத்தைவிட இதுதான் முதல் ஆறு மாதம் கண்ணைக் கட்டும். பிள்ளைகள் திணறுவதை எல்லாம் ரஷ்யத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள், பாதிக் குற்றவாளி ஆங்கிலம்.

இனி நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுச் சேவை நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு ரஷ்யம் கற்பிக்க 44 வாரம், ஏறத்தாழ 1100 வகுப்பு மணி வைக்கிறது. அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு, வேறு வேலையே இல்லாமல் அதை மட்டும் படிக்கிறவர்களுக்குப் போட்ட கணக்கு. உங்களுக்குக் கிழமைக்கு ஒரு சில மணி வகுப்புத்தான் இருக்கும், மிச்சத்தை போர்டிங்கில் நீங்களே போட வேண்டும். மொழியியலை ஒரு கிழமை விட்டுவிட்டு அடுத்த கிழமை சேர்த்துப் பிடிக்கலாம். ரஷ்யத்தில் அது நடக்காது, ஒரு கிழமை விட்டால் வேற்றுமை உருபுகள் எல்லாம் கலைந்துபோகும். தினமும் ஒரு மணித்தியாலம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, விதிவிலக்காக ஒரு பிள்ளையையும் நான் பார்க்கவில்லை.

அச்செழுத்து 33தான், ஒரு கிழமையில் வந்துவிடும், பயப்பட வேண்டாம். கையெழுத்துத்தான் சோதனை. ரஷ்யர்கள் சேர்த்து எழுதும்போது 'இ', 'ஷ', 'ல', 'ம' ஒலிகளுக்கான எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரி வளைவு வளைவாகப் போய்க்கொண்டிருக்கும், எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பார்க்கவே கண் பழக வேண்டும். கம்பஸ் தொடங்கும் முன் இருக்கிற மாதங்களில் இதை மட்டும் செய்துவிட்டுப் போனாலே வகுப்பில் நீங்கள் முன்னால் நிற்பீர்கள்.

தமிழ்ப் பிள்ளைக்கு ரஷ்யத்தில் என்ன சுலபம் என்பதை யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் பாடப்புத்தகங்கள் ஆங்கிலக்காரருக்காக எழுதப்பட்டவை. அவர்கள் முட்டிக்கொள்ளும் பல இடங்களில் நீங்கள் தடையில்லாமல் நடந்து போவீர்கள். "நான் மாணவி" என்று சொல்ல நமக்கு இடையில் எந்த வினையும் தேவையில்லை, ரஷ்யத்திலும் "யா ஸ்துத்யேன்த்கா", அவ்வளவுதான். "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்பதை ஆங்கிலத்தில் வேறு வினை போட்டுத் திருப்ப வேண்டும், ரஷ்யத்தில் "ஊ மின்யா யெஸ்த் க்னீகா", கிட்டத்தட்ட நம்ம கட்டுமானமே. "எனக்குக் குளிருது" என்றால் "ம்னியே ஹோலத்ன". எனக்கு வேண்டும், எனக்குப் பிடிக்கும், எனக்குச் சலிப்பாக இருக்கிறது, எல்லாம் அதே நான்காம் வேற்றுமைதான். ஆங்கிலப் புத்தகம் இதற்கு இரண்டு பக்கம் விளக்கம் வைத்திருக்கும், அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு மேலே போகலாம்.

இதைவிட நுணுக்கமான ஒன்று, என் மாணவர்களிடம் எப்போதும் காட்டுவது. "தேத்தண்ணி குடிச்சேன்" என்கிறோம், "தேத்தண்ணியைக் குடிச்சேன்" என்று எப்போதும் சொல்வதில்லை. ஆனால் "டீச்சர் கண்டேன்" என்று யாராவது சொல்வார்களா? "டீச்சரைக் கண்டேன்" என்று 'ஐ' போட்டே ஆக வேண்டும். அதாவது செயப்படுபொருள் ஆளா, பொருளா என்று பார்த்துத்தான் நம் மொழி உருபு போடுகிறது. ரஷ்யத்திலும் ஆண்பால் பெயர்களில் இதே சங்கதி. "மேசையைப் பார்க்கிறேன்" என்றால் "வீஜு ஸ்தோல்", மேசைக்கு ஒன்றும் ஆகவில்லை. "மாணவனைப் பார்க்கிறேன்" என்றால் "வீஜு ஸ்துத்யேன்தா", கடைசியில் ஒரு 'ஆ' ஏறிவிட்டது. விதிகள் ஒன்றல்ல, ரஷ்யத்தில் நாயும் மாடும்கூட ஆள் பக்கத்தில் சேரும், நம்மிடம் "மாடு பார்த்தேன்" என்றும் சொல்லலாம். ஆனால் ஏன் இப்படி என்ற கேள்வி இரண்டு மொழிக்கும் பொது. ஸ்பானிஷிலும் ஹிந்தியிலும்கூட இதன் சாயல் இருக்கிறது, மொழியியலில் இதற்கென்றே ஒரு பெரிய ஆய்வுப் பரப்பு உண்டு. இரண்டு பாடமும் ஒன்றாகப் படிப்பதில் கிடைக்கிற ருசி இதுதான். ரஷ்ய வகுப்பில் பாடமாக்கச் சொன்ன விதி, மொழியியல் வகுப்பில் உங்கள் வாயிலேயே இருக்கிறதாகத் தெரியவரும்.

சுலபம் சொன்னேன், கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் முதலாவது. நமக்குத் திணை தெரியும், பொருள்களெல்லாம் அஃறிணை, முடிந்தது. ரஷ்யத்தில் மேசை ஆண், புத்தகம் பெண், ஜன்னல் இரண்டும் இல்லை, சொல்லின் முடிவைப் பார்த்துத்தான் பால், அதற்கேற்பப் பெயரடையும் மாறும். இறந்தகால வினையில் இன்னொரு வினோதம். தமிழில் "படித்தேன்" என்பதில் சொல்கிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது, ரஷ்யத்தில் நீங்கள் "ச்சித்தாலா" என்றுதான் சொல்ல வேண்டும், உங்கள் தம்பி "ச்சித்தால்" என்பான். நான், நீ, அவள் என்ற வேறுபாடு அந்த வினையில் கிடையாது. நம் வினை காட்டுவதை அது காட்டாது, நம்முடையது மறைப்பதை அது காட்டும்.

அப்புறம் போகிற வினைகள். "நேற்று கண்டிக்குப் போனேன்" என்று சொல்ல நமக்கு ஒரே 'போ' போதும். ரஷ்யன் விடமாட்டான். நடந்தா, வாகனத்திலா? போய்க்கொண்டிருந்தபோதா, போய்த் திரும்பியாயிற்றா, இல்லை வழக்கமாகப் போய்வருகிறதா? இதையெல்லாம் பார்த்துத்தான் வினையைத் தெரிவுசெய்ய வேண்டும். தலவாக்கலையிலிருந்து கண்டிக்கு ரயிலில் போய்வந்த கதையைச் சொல்ல வந்து, நடக்கிற வினையைப் போட்டீர்கள் என்றால் கேட்கிற ரஷ்யர் உங்கள் காலைப் பார்ப்பார். இதற்குக் குறுக்குவழி கிடையாது. முடிந்த செயலுக்கும் முடியாத செயலுக்கும் தனித்தனி வினை என்பதும் அப்படித்தான். சிலர் "எழுதினேன், எழுதிவிட்டேன்" வேறுபாடுதான் அது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். தொடக்கத்தில் கைகொடுக்கும், ஆனால் முழுக்கப் பொருந்தாது. எதிர்மறையிலும் ஏவலிலும் அந்த ஒப்பீடு காலை வாரிவிடும்.

உச்சரிப்பில்தான் மொழியியல் நேரடியாக உதவுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல், அகம், சங்கு, மூன்றிலும் நாம் எழுதுவது ஒரே 'க', வாயில் வருவது மூன்று ஒலி. நமக்கு அந்த வேறுபாடு காதில் விழுவதே இல்லை, ஏனென்றால் அது பொருளை மாற்றாது. ரஷ்யத்தில் மாற்றும். அப்பாவும் கிழவியும் அங்கே 'ப' ஒலியில் மட்டும்தான் பிரிகிறார்கள், ஒன்று தொண்டை அதிராத வல்லொலி, மற்றது தொண்டை அதிரும் அதிர்வொலி. போதாதென்று, மெய்யெழுத்தை நாக்கை மேலண்ணத்துக்கு உயர்த்தி மென்மையாகச் சொன்னால் வேறு சொல். சகோதரனுக்கும் 'எடுக்க' என்ற வினைக்கும் கடைசி 'த்' வன்மையா மென்மையா என்பதே வித்தியாசம், தமிழில் எழுதினால் இரண்டும் 'பிராத்'தான். அழுத்தம் விழுகிற இடமும் அப்படி. 'ஸாமக்' கோட்டை, 'ஸமோக்' பூட்டு, ரஷ்ய எழுத்தில் இரண்டும் ஒன்றே. முதல் வருட மொழியியலில் ஒலியன், அதாவது பொருளை மாற்றுகிற ஒலி, என்ற பாடம் வரும். அதைச் சரியாகப் படித்த பிள்ளை தன் சொல்வதெழுதுதல் பிழைகளைத் தானே வகைப்படுத்தத் தொடங்கிவிடும், மற்றவர்கள் "எனக்குக் காது சரியில்லை" என்று உட்கார்ந்திருப்பார்கள். சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர்களுக்கு இந்த அதிர்வொலிச் சிக்கல் பாதிதான், மலையகத்துப் பிள்ளைகள் பலர் இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலிகள்.

மொழியியல் படித்தால் ரஷ்யம் சரளமாக வந்துவிடுமா என்றால், அங்கேதான் நான் சந்தேகப்படுகிறேன். விதியை விளங்கிக்கொள்வது வேகமாகும், அது நிச்சயம். பேச்சு வேகமாகும் என்று சொல்லமாட்டேன். வேற்றுமைகளைப் பலகையில் அழகாக விளக்கிவிட்டு, தேநீர் கேட்கத் திணறுகிற மொழியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், ரஷ்யம் படித்தால் மொழியியலுக்கு நல்லதா என்று கேட்டால் தயங்காமல் ஆம் என்பேன். இந்தத் துறையின் அத்திவாரத்தில் பாதி அந்த மொழி பேசிய ஊர்களில் போடப்பட்டது. ஒலியன் கருத்து உருவானது கசான் நகரத்தில், 1870களிலும் 80களிலும் அங்கே கற்பித்த போதுவன் தெ கூர்த்தனே என்ற போலந்துக்காரரின் வகுப்புகளில். அதை முழுக் கோட்பாடாக்கிய துருபெத்ஸ்கோயும் யாக்கப்சனும் மாஸ்கோவில் பிறந்தவர்கள். சலிஸ்ன்யாக் என்ற ரஷ்ய மொழியியலாளர் 1977இல் வெளியிட்ட இலக்கண அகராதி ஏறத்தாழ ஒரு லட்சம் ரஷ்யச் சொற்கள் ஒவ்வொன்றும் எப்படித் திரியும் என்று காட்டுகிறது, இன்றைய ரஷ்யக் கணினி மொழிக் கருவிகள் பலவற்றுக்கு அதுதான் மூலம். பாடசாலைப் பிள்ளைகளுக்கான மொழியியல் ஒலிம்பியாட் முதலில் தொடங்கியதும் மாஸ்கோவில்தான், 1965இல்.

தமிழைப் பற்றியும் அங்கே நிறையவே எழுதியிருக்கிறார்கள், நம்மவர்களுக்குத்தான் தெரியாது. மெர்வார்த் என்ற தம்பதி 1914இல் இலங்கைக்கு வந்து, பிறகு இந்தியாவுக்குப் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள், கணவர் 1929இல் லெனின்கிராத்தில் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் இலக்கணம் வெளியிட்டார். பியாட்டிகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி 1960இல் வந்தது. அந்திரோனவ் பேச்சுத் தமிழையும் வட்டார வழக்குகளையும் விரிவாக ஆராய்ந்தவர். 2020இல் காலமான துபியான்ஸ்கி மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நீண்டகாலம் தமிழ் கற்பித்தார். இவர்கள் எழுதியதில் பெரும்பகுதி ரஷ்யத்திலேயே கிடக்கிறது. தமிழும் ரஷ்யமும் மொழியியலும் மூன்றும் தெரிந்த ஒரு ஆள் நம் நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சிறப்புப் பட்டத்துக்கு மொழியியல் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். ரஷ்யத்தைக் கம்பஸுக்கு வெளியேயும் தொடரலாம், கொழும்பு 7இல் ரஷ்யாவின் கலாசார நிலையமான ரஷ்ய இல்லத்தில் வகுப்பு நடக்கிறது, சர்வதேசத் தராதரப் பரீட்சையும் இருக்கிறது. மொழியியல் பயிற்சியை அப்படித் தனியாக எங்கேயும் வாங்க முடியாது. அதோடு கடைசி வருட ஆய்வுக்கு உங்களிடம் தரவு குவிந்து கிடக்கிறது, அதைத் தேடி ஐரோப்பாவிலிருந்து ஆள் வர வேண்டிய தரவு. யாழ்ப்பாணத்தில் "வாறன், போறன்" என்பதை நம்ம பக்கம் "வாரேன், போறேன்" என்கிறோம். திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்தவர்களின் பேச்சுகள் லயத்தில் ஒன்றாகக் கலந்து, மேலே சிங்களமும் தோட்ட நிருவாக ஆங்கிலமும் படிந்த வழக்கு இது. யாழ்ப்பாணத் தமிழுக்குப் பேராசிரியர் சுசீந்திரராஜா போன்றவர்கள் முறையாக ஆய்வு செய்து வைத்திருக்கிறார்கள். மலையகத் தமிழுக்கு அந்த அளவு ஒலியியல் வேலை நடந்ததாக நான் காணவில்லை. உங்கள் பாட்டியும் உங்கள் தங்கையும் ஒரே வசனத்தைச் சொல்வதை போனில் பதிந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், அதில் ஒரு ஆய்வுக்குத் தேவையான கேள்வி இருக்கும்.

வீட்டில் கேட்கிற வேலைக் கேள்விக்கு வருகிறேன். ரஷ்யர்கள் இலங்கைக்கு அதிகம் வருகிற உல்லாசப் பயணிகளில் அடக்கம், தெற்குக் கடற்கரையில் மட்டுமல்ல, எல்லயிலும் நுவரெலியாவிலும் சீசனில் காது நிறைய ரஷ்யம் கேட்கும். வழிகாட்டியாக வேலை செய்ய உல்லாசப் பயண அபிவிருத்தி அதிகார சபையின் உரிமம் வேண்டும், மொழி மட்டும் போதாது. தேயிலை ஏற்றுமதி நிறுவனங்களுக்கும் ரஷ்யா பெரிய வாடிக்கையாளர். 2017 டிசம்பரில் ஒரு வண்டு கிடைத்தது என்று ரஷ்யா நம் தேயிலையைச் சில நாள் நிறுத்தியபோது தோட்டத்தில் எவ்வளவு கலவரப்பட்டார்கள் என்று உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கும். ஆனால் இந்தத் துறைகள் எல்லாம் ஏறி இறங்குபவை, ஒரு வருடம் ஆள் தேடுவார்கள், அடுத்த வருடம் போன் எடுக்கமாட்டார்கள். ரஷ்யத்தை மட்டும் நம்பி நிலையான சம்பளம் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. மேற்படிப்புக்கு ரஷ்ய அரசின் புலமைப்பரிசில் உண்டு, கற்கைக் கட்டணம் இல்லை, விமானச் செலவும் காப்புறுதியும் உங்கள் கையிலிருந்து. 2022க்குப் பிறகு நம் வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்யாது, பணம் அனுப்புவதே ஒரு பாடு. போவதென்றால் ரஷ்ய இல்லம் வழியாக மட்டும் விண்ணப்பியுங்கள். வேலை, படிப்பு என்று சொல்லி ஏஜென்சிக்காரர்கள் கூட்டிப்போன இலங்கையர்கள் சிலர் போர்முனையில் போய் நின்ற செய்தி 2024இல் பத்திரிகைகளில் வந்தது, அது கட்டுக்கதை இல்லை.

ஆகவே மூன்றாவது பாடத்தை யோசித்து எடுங்கள். பாடசாலைகளில் மொழியியல் என்று ஒரு பாடம் இல்லை, நம்ம பக்கம் ரஷ்யமும் இல்லை, பட்டதாரி ஆசிரிய நியமனம் என்று வந்தால் அந்த மூன்றாவது பாடம்தான் கைகொடுக்கும். தமிழை எடுக்க வாய்ப்பிருந்தால் அதை எடுங்கள். நன்னூல் வேற்றுமையும் புணர்ச்சியும் தெரிந்த பிள்ளைக்கு மொழியியலில் ஒரு வருடம் மிச்சம், வீட்டாருக்கும் "டீச்சர் வேலைக்கும் வழி இருக்கு" என்று ஒரு பதில் சொல்லலாம். அது கிடைக்காவிட்டால் ஆங்கிலம்.

என் முதல் வருட ரஷ்யக் குறிப்புகள் இன்னும் இருக்கின்றன, விளக்கமெல்லாம் பாதி சிங்களம் பாதி ஆங்கிலம், அதைச் சமாளிப்பீர்கள் என்றால் கையெழுத்துப் பயிற்சித் தாள்களோடு சேர்த்து ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன். பாடத் தெரிவு முடிந்ததும் இங்கேயே எழுதுங்கள்.